பேட்டரி மேல் சாக்கு வேண்டாம்

கேள்வி: பெரிய மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். சரக்கு எடுக்க ஒரு குட்டி யானை உண்டு. தட்டாஞ்சாவடி, முத்தியால்பேட்டை, திரும்பக் கடை. அதன் ஓட்டம் அவ்வளவுதான். வாரத்தில் ஓரிரு நாள் காலையில் செல்ஃப் எடுப்பதில்லை, ஆள் கூப்பிட்டுத் தள்ள வேண்டியிருக்கிறது. அதனால் 5 ஆம்பியர் ஆட்டோமேட்டிக் சார்ஜர் வாங்கினேன். பேட்டரி 12 வோல்ட், 50 ஏ.ஹெச். இரவு பேட்டரியைக் கழற்றிக் கடைக்குள் வைத்து, கிளிப் மாட்டி, எலி ஒயரைக் கடிக்காமலிருக்க மேலே சாக்குப் போட்டு மூடி, ஷட்டரை இறக்கிவிட்டுப் போகிறேன். நிறைந்ததும் தானே நின்றுவிடும் என்கிறார்கள். பயமில்லைதானே?
- மளிகை வியாபாரி, புதுச்சேரி

பதில்: முதலில் அந்தச் சாக்கை எடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

பேட்டரி நிறையும் தறுவாயில் உள்ளே இருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து, மூடியில் உள்ள சின்னத் துளைகள் வழியே வெளியேறும். நிறைந்த பேட்டரியில் ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஆறு செல்லும் சேர்ந்து சுமார் இரண்டரை லிட்டர் ஹைட்ரஜன் வரும். காற்றில் அது 4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். பத்துக்குப் பத்து அடிக் கடை முழுக்க அந்த அளவு சேர ஆயிரம் லிட்டருக்கு மேல் வேண்டும். ஓர் இரவில் அது நடக்காது. ஆகவே கடையே வெடித்துவிடும் என்று பயமுறுத்த மாட்டேன். ஆனால் சாக்குக்கு அடியில் ஒரு குடம் காற்றுதானே இருக்கிறது? அதற்கு அரை லிட்டர் போதும். காலையில் சாக்கை விலக்கிய கையோடு, சுவிட்சை அணைக்காமல் கிளிப்பைப் பிடுங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொறி பறந்தால் பேட்டரியின் மேல்பாகம் பிளந்து ஆசிட் முகத்தில் தெறிக்கும். பேட்டரி வைக்கும் மூலைக்கு மேலேயே சாமி படமும் விளக்கும் இருந்தால் இடத்தை மாற்றுங்கள். ஹைட்ரஜன் மேல்நோக்கித்தான் போகும். எலிக்குப் பயந்தால் ஒயரை ஒரு பி.வி.சி. குழாய்க்குள் விட்டு எடுத்துச் செல்லலாம்.

இந்த வகை பேட்டரியைச் செய்து காட்டியவர் காஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர், 1859இல். உங்கள் ஊரில் பிரெஞ்சுக்கொடி பறந்த காலம். ஈயமும் கந்தக அமிலமும் அன்றிலிருந்து அதே வேலையைத்தான் செய்கின்றன. சார்ஜருக்கு மூளை வைத்ததால் வாயு வராமல் போய்விடாது.

அந்த மூளைக்கும் எல்லை உண்டு. டெர்மினலில் வோல்ட் எவ்வளவு என்றுதான் அது பார்க்கிறது. 14.4 வரை ஏற்றும், கொஞ்ச நேரம் அங்கேயே பிடித்திருக்கும், பிறகு 13.6 வாக்கில் இறங்கும் அல்லது நின்றுவிடும். பிளேட் தண்ணீரில் மூழ்கியிருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஆறு செல்லில் ஒன்று ஷார்ட் ஆகியிருந்தால் வோல்ட் 14.4-ஐத் தொடவே தொடாது. சார்ஜர் இன்னும் நிறையவில்லை என்று நினைத்து விடாமல் ஏற்றும். மிச்ச ஐந்து செல்லும் கொதிக்கும். நல்ல சார்ஜர்களில் இதற்காகவே நேரக் கட்டுப்பாடு இருக்கும், மலிவானதில் இருக்காது. பத்து மணி நேரம் ஆகியும் பச்சை விளக்கு வரவில்லை, பக்கவாட்டில் கை வைத்தால் சுடுகிறது என்றால் நிறுத்திவிட்டுப் பேட்டரியைக் கடையில் காட்டுங்கள். இதைக் கவனிக்க ஆள் வேண்டும் என்பதால்தான் ஷட்டரை இறக்கிவிட்டுப் போகாதீர்கள் என்கிறேன்.

பாதி இறங்கிய 50 ஏ.ஹெச். பேட்டரிக்கு 25 ஏற்ற வேண்டும். 5 ஆம்பியரில் ஐந்து மணி நேரம், கடைசிக் கட்டம் மெதுவாகப் போவதால் மொத்தம் ஏழெட்டு மணி. காலைச் சரக்கு இறங்கியதும் போட்டால் கடை சாத்துவதற்குள் ஆகிவிடும். ஆகாவிட்டால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள். தவணையில் ஏற்றினால் பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது. காலியாகப் பல நாள் கிடந்தால்தான் பிளேட்டில் சல்பேட் கட்டிப்போகும்.

மாட்டும் வரிசை: சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போதே சிவப்பை பிளஸ்ஸில், பிறகு கறுப்பை மைனஸில், கடைசியாக சுவிட்ச். எடுக்கும்போது அப்படியே தலைகீழ், சுவிட்ச் முதலில். வண்டியில் வைத்தே ஏற்றினால் கறுப்பு கிளிப்பைப் பேட்டரியிலிருந்து தள்ளி, சேஸிஸ் இரும்பில் மாட்டுங்கள். வண்டியிலிருந்து பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் முதலில். இல்லாவிட்டால் ஸ்பேனர் பாடியில் பட்டு வாணவேடிக்கைதான்.

போடுவதற்கு முன் பிளேட் மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் விடுங்கள், ஏற்றி முடிந்தபின் கோடு வரை நிரப்புங்கள். ஆசிட் ஒரு சொட்டுகூடச் சேர்க்க வேண்டாம். டெர்மினலில் பூக்கும் வெள்ளையும் பச்சையும் கலந்த பொடியை ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, துடைத்து, வாசலின் தடவுங்கள். மார்க்கெட் தரை எப்போதும் ஈரம். சார்ஜரும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் ஸ்டூலில் இருக்கட்டும், லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கட்டும். கண்ணில் ஆசிட் பட்டால் கால் மணி நேரம் நல்ல தண்ணீரால் விடாமல் கழுவிவிட்டு, ஜிப்மருக்கோ தவளக்குப்பம் அரவிந்துக்கோ ஓடுங்கள்.

இன்னொன்று. சின்னச் சின்ன ஓட்டத்தில், செல்ஃப் அடித்ததில் போன சார்ஜே திரும்ப ஏறுவதில்லை. வாரம் ஒருமுறை திண்டிவனம் பக்கம் ஒரு சரக்கு எடுத்து வந்தால் சார்ஜருக்கே பாதி வேலை குறையும்.

கேள்வி: அதே சார்ஜரை என் ஸ்கூட்டருக்கும், பையனின் மின் ஸ்கூட்டருக்கும் போடலாமா?
- அதே வாசகர்

பதில்: பெட்ரோல் ஸ்கூட்டர் பேட்டரி பெரும்பாலும் 5 ஏ.ஹெச். வாக்கில்தான் இருக்கும். பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் அரை ஆம்பியர் போதும். சார்ஜரில் ‘பைக்’ என்று தனி பொத்தான் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

மின் ஸ்கூட்டருக்குக் கூடவே கூடாது. கம்பெனி கொடுத்த சார்ஜர் மட்டும்தான். 2022 மார்ச்சில் வேலூரில் இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து மின் வண்டி பேட்டரிக்கான விதிகளைப் படிப்படியாக இறுக்கினார்கள். ஆனாலும் மாடிப்படிக்கு அடியில், ஆட்கள் வெளியேறும் வழியில் வண்டியை நிறுத்திச் சார்ஜ் போடுவதை எந்த விதியும் வந்து தடுக்காது.

கேள்வி: காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய ஆட்டோமேட்டிக் சார்ஜர் பார்த்தேன். மீட்டர் வைத்தால் பூஜ்யம் காட்டுகிறது. கெட்டதா?
- மெக்கானிக், லாஸ்பேட்டை

பதில்: சொல்ல முடியாது. பொறி பறக்காமலிருக்க, பேட்டரி மாட்டினால்தான் பல ஆட்டோமேட்டிக் சார்ஜர்கள் வோல்ட் விடும். முழுக்கச் செத்த பேட்டரியை அவை கண்டுகொள்ளாததும் இதனால்தான். ஓரளவு சார்ஜ் உள்ள பேட்டரி ஒன்றோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். 14.4-ஐத் தாண்டி 15, 15.5 என்று ஏறினால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். எர்த் பின்னை வெட்டிய பிளக் என்றால் மீட்டரையே வெளியே எடுக்க வேண்டாம்.