அறுவடை தேடிக் கடல் கடந்தோர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அயர்லாந்து வரலாற்றைக் கற்போர், 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தையும், அமெரிக்கா சென்று மீளாதொழிந்த மக்களையும் நன்கறிவர். ஆயின், ஆண்டுதோறும் சென்று ஆண்டுதோறும் மீண்ட ஏழை உழவரை அறிவோர் சிலரே. அவர்தம் நிலையை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

அயர்லாந்தின் மேற்கே மேயோ, டொனிகோல் முதலிய பகுதிகளிற் குடியானவனுக்கு வாய்த்த நிலம் மிகச் சிறிது, அதுவும் பிறர்க்குரியது. உருளைக்கிழங்கே அவன் உணவு. சென்ற ஆண்டுக் கிழங்கு யூன், யூலை மாதங்களில் தீர்ந்துவிடும். புதுக்கிழங்கோ அப்பொழுது முற்றியிராது. இவ்விடைக்காலமே பசிக்காலம். அதே வேளையில் இங்கிலாந்திலும் ஸ்கொத்லாந்திலும் புல்லறுக்கவும் கதிர் கொய்யவும் ஆட்கள் வேண்டப்பட்டனர். ஒரு நாட்டின் பசிக்காலமும் மறு நாட்டின் அறுவடைக்காலமும் ஒருங்கு நேர்ந்தமையே இப்பெயர்ச்சிக்கு ஏதுவாயிற்று.

கிழங்கை நட்டபின் ஆடவர் அரிவாளுடன் துறைமுகம் நோக்கி நடப்பர். நீராவிக் கப்பல்கள் வந்தபின் பயணம் எளிதாயினும், அவர்க்குக் கிடைத்த இடம் திறந்த மேற்றளமே. வீட்டை அடைத்துவிட்டு மனைவியும் மக்களும் பிச்சைக்குச் செல்வதுமுண்டு. 1841ஆம் ஆண்டுக் கோடையில் துறைமுகங்களில் எண்ணப்பட்டவர் 57,000 பேருக்கு மேலாவர்.

கொட்டில்களிற் படுத்து, வயிற்றை ஒறுத்துச் சேர்த்த கூலி யாருக்குப் பயன்பட்டது? அதிற் பெரும்பகுதி நிலவுடைமையாளருக்குக் குத்தகையாகச் சென்றது. நிலம் தந்திராத குத்தகைப் பணத்தை உழவன் அயல்நாட்டு வயலில் உழைத்துச் செலுத்தினான். வீட்டை இழவாதிருத்தற்பொருட்டே அவன் வீட்டைப் பிரிந்தான் என்பதை நாம் மறத்தலாகாது.

இதனாலேயே, 1870களின் இறுதியில் இங்கிலாந்தின் வேளாண்மை நலிந்து, அறுவடைப் பொறிகளும் பெருகிக் கூலிவேலை சுருங்கியபோது, குத்தகை செலுத்தும் வழியும் அடைபட்டது. உள்ளூரிற் கிழங்கும் பொய்த்தது. 1879இல் மேயோவில் நிலச் சங்கம் தோன்றியமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். அதன் தலைவருள் ஒருவரான மைக்கல் டேவிற், 1850இல் மேயோவில் வீடிழந்து இங்கிலாந்து சென்ற குடும்பத்திற் பிறந்தவர்.

எனினும் பெயர்ச்சி நின்றபாடில்லை. 1894 யூன் மாதத்தில், ஸ்கொத்லாந்திற் கிழங்கு அகழும் வேலைக்குப் புறப்பட்ட அக்கில் தீவினர் சென்ற படகு, கப்பலை அணுகுகையிற் கவிழ்ந்தது. முப்பத்திருவர் மாண்டனர், அவருட் பலர் இளம்பெண்கள். புதிதாய் அமைந்த இருப்புப்பாதையிலேயே அவர்தம் உடல்கள் ஊர் திரும்பின.

அரசர் போர்களை மட்டும் கற்பது வரலாறு கற்பதாகாது. ஒரு நாட்டின் விளைச்சலைக் கொய்த கைகள் எந்நாட்டின என வினாவுதலும் மாணவர் கடனாகும்.