ஓரடி தூரத்தில் எடுத்த முகம்

முருகன்குறிச்சியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். முகம் பார்ப்பதுதான் தொழில். மகளுக்குப் பல் கம்பி போடப் போனோம். டாக்டர் அவளை நாற்காலியில் சாய்த்துப் போட்டு, செல்போனை ஓரடியில் நீட்டி நாலு படம் எடுத்தார். "கீழ்த்தாடை உள்ள போயிருக்கு, பதினெட்டு வயசுக்கு மேல ஆபரேஷன் பண்ணணும்" என்றார். என் வீட்டுக்காரி அங்கேயே கண் கலங்கிவிட்டாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அவ்வளவு கிட்டே போனால் மூக்கும் மேலுதடும் பெருத்து, காது சிறுத்துத்தான் விழும். லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை, தூரம்தான் தப்பு. போதாததற்குச் சாய்ந்து கிடந்தால் கீழ்த்தாடை பின்னால் சரியும், மோவாயும் தாழ்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். சொன்னேன். "நீங்க கல்யாண ஆல்பம் போடுதவங்க, இது வேற" என்றார்.

அடுத்துப் பார்த்த டாக்டரம்மா பிள்ளையை நிற்கவைத்து, எதிரே கண்ணாடியில் தன் கண்ணையே பார்க்கச் சொன்னார். தலை தானாக நேரானது. முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, ஐந்தடி தள்ளி 100 மி.மீ. மேக்ரோ லென்ஸில் நேராக, பக்கவாட்டில், முக்கால் முகமாக, சிரித்தும் சிரிக்காமலும் எடுத்தார். 1880-களில் பாரிஸ் போலீஸில் பெர்த்தியோன் கைதிகளைப் படமெடுக்க வகுத்த ஒழுங்கும் இப்படித்தான்: ஒரே தூரம், ஒரே நிலை. வாய்க்குள் எடுக்க ரிங் ஃபிளாஷ், எஃப் 22, ஆவி படியாமல் வெந்நீரில் முக்கிய கண்ணாடி. பிறகு எக்ஸ்ரே, பல் அளவு.

"கம்பியே போதும் அண்ணாச்சி. படத்தை மட்டும் வச்சுச் சொல்லலை, எக்ஸ்ரேயும் பாத்துட்டுத்தான் சொல்லுதேன்" என்றார். இருக்கட்டும். படம் ஒழுங்காக இருந்ததால்தானே எக்ஸ்ரேயோடு ஒத்துப்போனது?

சிகிச்சைக்கு முன்பே உங்கள் கேமராவில் ஒரு செட் எடுத்துவையுங்கள். செல்போன்தான் என்றால் தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள். பியூட்டி மோடை அணைத்துவிடுங்கள். பாஸ்போர்ட் படத்தைக் கொண்டுபோகாதீர்கள், எத்தனை தாடையை நானே இழைத்திருக்கிறேன்! வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினால்தான் படம் சுருங்காது. முன்பல்லுக்குக் கேப் போடுகிறவர்கள் நிறம் பார்க்கும் படத்தை முதலிலேயே எடுக்கச் சொல்லுங்கள். வாய் திறந்தே இருந்தால் சில நிமிடங்களில் பல் காய்ந்து வெளுத்துவிடும்.

பிள்ளை முகத்தை விளம்பரத்துக்குப் போடக் கூடாது என்பதையும் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்த முதல் கிளினிக்கில் என் மகள் படத்தை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார்கள். எடுக்கச் சொல்லிப் போன் போட்டதற்கு, "நல்லாத்தானே சார் இருக்கு" என்கிறார்கள்.