ஜொகூர் பாருவில் ஓரிரவு தங்க

பண்டார் தெங்காராவிலிருந்து கூலாய் வழியாக ஜொகூர் பாரு போகலாம். லார்க்கின் சென்ட்ரல் பேருந்து முனையம் நகர மையத்தில் இல்லை. சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து நகரப் பேருந்திலோ கிராப்பிலோ போகவேண்டும்.

சிக்கன விடுதிகளுக்கு ஜாலான் மெல்ட்ரம் வசதி. ஜேபி சென்ட்ரல் ரயில் நிலையமும் சிங்கப்பூர் எல்லைச் சோதனைச் சாவடியும் நடை தூரம். ஜாலான் உங்கு புவான் ராஜமாரியம்மன் கோயிலும் அருகில்தான். கடலைப் பார்த்த அறைக்கு ஸ்துலாங், டாங்கா பே பக்கம் தேடலாம். ஆனால் அங்கே ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கும் வண்டி பிடிக்க நேரலாம்.

வெளிநாட்டவருக்கு அறைக்கு இரவொன்றுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு, மலேசியருக்கு இல்லை. முகப்பில் மைகார்டை நீட்டினால் போதும். 2025 முதல் ஜொகூரில் வார விடுமுறை சனி, ஞாயிறு. அதனால் வெள்ளி மாலை சிங்கப்பூர் செல்லும் பாலத்தை ஒட்டிய சாலைகளில் வண்டிகள் நகராது. மதியத்துக்குள் அறைக்குப் போய்விடுவது நல்லது.