வீசாமல் ஸ்டம்பைத் தட்டும் பவுலர்: புது அம்பயர்களுக்குச் சில சொற்கள்

சேலையூர், பெருங்களத்தூர், மேடவாக்கம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்கு அம்பயராக நிற்க வந்திருக்கும் தம்பி தங்கைகளே, எல்பிடபிள்யூவைவிடப் பெரிய தகராறு ஒன்று உங்களுக்குக் காத்திருக்கிறது. ஓடி வரும் பவுலர் பந்தை வீசாமல் நின்று, கிரீஸைவிட்டு நகர்ந்த ரன்னரின் பக்கத்து ஸ்டம்பைத் தட்டுவார். மைதானமே உங்களைப் பார்க்கும்.

1. கூச்சத்தை முதலில் விடுங்கள். 1947-ல் சிட்னியில் வினு மன்கட், பில் பிரவுனை இப்படி வெளியேற்றியதிலிருந்து மன்கட் என்ற அந்தப் பெரிய ஆட்டக்காரரின் பெயரை வசவுபோலச் சொல்லி வந்தார்கள். அது அநியாயம். விதிகளை வகுக்கும் லார்ட்ஸின் எம்.சி.சி. கிளப், 2022 அக்டோபர் 1 முதல் இதை முறையற்ற ஆட்டம் பற்றிய 41-ம் விதியிலிருந்து எடுத்து, ரன் அவுட்டுக்கான 38-ம் விதியில் சேர்த்துவிட்டது. முன்னெச்சரிக்கை தர வேண்டிய கடமையும் பவுலருக்கு இல்லை.

2. ரன்னரின் மட்டை எங்கே என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி பவுலரின் கை. வழக்கமான வீச்சில் கை உச்சிக்குப் போகும் கணம்தான் எல்லை. அதைத் தாண்டிவிட்டால், ரன்னர் எவ்வளவு தூரம் ஓடியிருந்தாலும் அவுட் கிடையாது. 2023 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பிக் பாஷில் ஆடம் ஜாம்பா, கையை முழுதாகச் சுற்றிவிட்டு ஸ்டம்பைத் தட்டினார். நாட் அவுட். அதே மாதம் எம்.சி.சி. விதியின் வாசகத்தை இன்னும் தெளிவாக்கியது.

3. கை மேலே போகாமலே பவுலர் நின்றுவிட்டால்? இங்கேதான் அம்பயரின் கண்ணுக்கு வேலை. 2019 மார்ச் 25-ல் ஜெய்ப்பூரில் நம் அஸ்வின், ஜாஸ் பட்லரை வெளியேற்றினார். மூன்றாவது அம்பயர் அவுட் கொடுத்தார். விதிப்படி அந்த முடிவில் தவறு காணாத எம்.சி.சி.யே, பிறகு, அஸ்வின் நின்ற இடைவெளி அதிகம், பந்து வந்திருக்க வேண்டிய நேரத்தில் பட்லர் உள்ளேதான் இருந்தார் என்று கருத்துச் சொன்னது. அரை நொடியில் இத்தனை விவாதம் இருக்கிறது. ஆகவே முதல் ஓவரிலிருந்தே ஒவ்வொரு பவுலரின் தாளத்தையும் மனதில் வாங்குங்கள். முன்கால் ஊன்றியபின் இவருக்குக் கை மேலே போக எவ்வளவு நேரம் பிடிக்கிறது? அந்த நேரம் கடந்தும் காத்திருந்து, ரன்னர் நகர்ந்தபின் தட்டினால் நாட் அவுட் சொல்லுங்கள். அதற்கு முன்பே ரன்னர் வெளியே போயிருந்து ஸ்டம்பும் விழுந்தால், தயங்காமல் விரலை உயர்த்துங்கள்.

4. பந்து இருக்கும் கையால் தட்டியிருக்க வேண்டும், எறிந்தும் விழுத்தலாம். ஒரு பெயிலாவது விழ வேண்டும். மட்டை கோட்டின் மேல் இருந்தால் அது உள்ளே அல்ல. நம் பக்கத்து மைதானங்களில் பத்தாவது ஓவருக்குள் சுண்ணாம்புக் கோடு அழிந்துவிடும். ஆட்டத்தை நிறுத்திப் போடச் சொல்லுங்கள், யார் முணுமுணுத்தாலும்.

5. அவுட் இல்லையென்றால் உடனே டெட் பால். எறிந்த பந்து எல்லைக்கோடு வரை போனாலும் ரன் இல்லை, அந்தப் பந்து ஓவர் கணக்கிலும் சேராது. பேஸ்பாலில் ஓட்டக்காரரைப் பிடிக்க பிட்சர் சட்டவிரோதமாகப் பாசாங்கு செய்தால் ‘பால்க்’ என்று அறிவித்து, ஓட்டக்காரருக்கு ஒரு பேஸ் இலவசமாகத் தருவார்கள். நம் ஆட்டத்தில் அப்படித் தண்டனை இல்லை. கோபத்தில் நோ பால் கொடுக்காதீர்கள்.

6. அப்பீல் கேட்காமல் அவுட் தராதீர்கள். அப்பீலைத் திரும்பப் பெறும் உரிமை கேப்டனுக்கு மட்டும். அதுவும் அம்பயர் சம்மதத்தோடு, ஆட்டக்காரர் மைதானத்தைவிட்டுப் போவதற்குள். 2012-ல் பிரிஸ்பேனில் அஸ்வின் திரிமன்னேயை இப்படி அவுட்டாக்கியபோது கேப்டன் சேவாக் அப்பீலைத் திரும்பப் பெற்றார். அது அவர் விருப்பம். நீங்கள் கேப்டனைத் தூண்டவோ கெஞ்சவோ கூடாது.

7. 2022 தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் (டி.என்.பி.எல்.) பாபா அபராஜித் ஜெகதீசனை வெளியேற்றியபோது எழுந்த கோபம் நினைவிருக்கும். தொழில்முறை வீரர்களுக்கே அப்படி என்றால் நம் பையன்களைக் கேட்க வேண்டாம். ஆகவே டாஸ் போடும்போதே இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டு, இந்த ரன் அவுட் இன்றைய ஆட்டத்தில் உண்டு, எச்சரிக்கை கிடையாது என்று உரக்கச் சொல்லிவிடுங்கள்.