வெளியீட்டு நாளும் நம் கொள்முதல் நாளும்

சரக்கின் தரம், விலை, எடை மூன்றையும் கவனிக்கும் நாம், நாளை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஒரே சரக்கு பத்து நாள் முன்னால் வந்தால் கல்லா நிறையும். பத்து நாள் பின்னால் வந்தால் அலமாரியில் தூங்கும். புதிய பொருளை எந்த நாளில் சந்தைக்கு விடுவது என்று நிறுவனங்கள் மாதக்கணக்கில் யோசித்து முடிவு செய்கின்றன. அந்த நாள் யாருடைய வசதிக்காகக் குறிக்கப்படுகிறது என்று தெரிந்துகொண்டால், நாம் எப்போது, எவ்வளவு எடுப்பது என்பது விளங்கும்.

சினிமா காட்டும் வழி

நமக்கு நன்கு தெரிந்த உதாரணம் சினிமா. 1991 நவம்பர் 5, தீபாவளி அன்று ரஜினிகாந்தின் ‘தளபதி’யும் கமல்ஹாசனின் ‘குணா’வும் ஒரே நாளில் வெளியாயின. 2023 பொங்கலை ஒட்டி ஜனவரி 11 அன்று அஜித்தின் ‘துணிவு’, விஜய்யின் ‘வாரிசு’ இரண்டும் வந்தன. போட்டி இருப்பது தெரிந்தும் ஏன் அதே நாள்? அப்போதுதான் மக்களுக்கு விடுமுறை. கையில் பணமும் உண்டு, குடும்பத்தோடு வெளியே கிளம்பும் மனமும் உண்டு. ஆனால் பண்டிகைக்காகத் தியேட்டர்களின் எண்ணிக்கை கூடிவிடாது. இரண்டு பெரிய படங்கள் பங்கு போட்ட பிறகு, மூன்றாவதாக வரும் சிறிய படத்துக்குக் காட்சி கிடைப்பதே கஷ்டம். நம் அலமாரியும் அப்படித்தான்.

வீடியோ கேம் வியாபாரம்

நம் பேரப்பிள்ளைகள் டி.வி.யிலும் கம்ப்யூட்டரிலும் ஆடும் வீடியோ கேம் இன்று பெரும்பாலும் இணையம் வழியே விற்பனையாகிறது. ஆனால் நெடுங்காலம் அதுவும் சோப்பு, பிஸ்கட் போலக் கடை அலமாரியில் விற்ற சரக்குதான். அமெரிக்காவில் நவம்பர் கடைசி முதல் கிறிஸ்துமஸ் வரை அதற்கு உச்ச பருவம். கால்பந்து விளையாட்டான ‘மேடன்’ மட்டும் வழக்கமாக ஆகஸ்டில் வரும். செப்டம்பரில் அங்கே போட்டிகள் தொடங்கும் என்பதே காரணம்.

வாரத்தில் எந்தக் கிழமை என்பதும் முக்கியம். ஜப்பானில் 1988 பிப்ரவரி 10, புதன்கிழமை ‘டிராகன் குவெஸ்ட்’ மூன்றாம் பாகம் வெளியானது. பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுப் பிள்ளைகள் கடை வாசலில் வரிசை கட்டியது பெரிய பிரச்சினை ஆயிற்று. நான்காம் பாகம் 1990 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை அன்று வந்தது.

நாளுக்காகச் சரக்கை அவசரப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1982-இல் ‘ஈ.டி.’ திரைப்படம் பெரும் வெற்றி பெற்றது. அட்டாரி என்ற நிறுவனம் ஜூலைக் கடைசியில் உரிமை வாங்கி, கிறிஸ்துமஸுக்குள் அதை வீடியோ கேமாகக் கொண்டுவர முடிவு செய்தது. அதைத் தயாரித்தவருக்குக் கிடைத்தது சுமார் ஐந்து வாரம். பெயரை நம்பிக் கடைக்காரர்கள் முன்கூட்டியே ஆர்டர் கொடுத்தார்கள். பொருள் சரியில்லை என்று தெரிந்ததும் லட்சக்கணக்கில் தேங்கியது. விற்காத மற்ற சரக்கோடு அதையும் 1983-இல் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் ஒரு குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014 ஏப்ரலில் அங்கே தோண்டி எடுத்துப் பார்த்தார்கள்.

அந்தச் சரிவுக்குப் பிறகு அமெரிக்கக் கடைக்காரர்கள் வீடியோ கேம் என்றாலே கதவைச் சாத்தினார்கள். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1985 அக்டோபரில் முதலில் நியூயார்க் வட்டாரத்தில் மட்டும் இறங்கியது. “90 நாள் பணம் தர வேண்டாம், விற்காததை நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம்” என்ற ஏற்பாட்டில் சரக்கு கொடுத்தது. நாளைக் குறித்தவரே நஷ்டத்தையும் ஏற்றார். வணிகர்களாகிய நாம் மனதில் இருத்த வேண்டிய செய்தி இதுதான்.

நம் வட்டாரத்து நாட்கள்

நம்மிடம் வரும் கம்பெனி பிரதிநிதிக்கு மாதக் கடைசியும் மார்ச் 31-உம் முக்கியம். அவர் இலக்கை முடிக்க வேண்டும். அதனால் 28-ஆம் தேதி வந்து பெட்டி பெட்டியாக இறக்கச் சொல்வார். நம் வாடிக்கையாளர் கையிலோ அப்போது பணம் இருக்காது. கும்மிடிப்பூண்டி சிப்காட், காக்களூர் தொழிற்பேட்டைத் தொழிலாளர்களுக்குப் பெரும்பாலும் மாதத்தின் முதல் வாரத்தில்தான் சம்பளம். கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் போனஸ் தர வேண்டும் என்பது 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் தொட்டு வரும் விதி. மார்ச்சில் கணக்கு முடிக்கும் ஆலைக்கு நவம்பர் 30 வரை கெடு. நடுவில் தீபாவளி வந்துவிடுவதால், அதற்கு முன்பே கொடுப்பது வழக்கமாகிவிட்டது.

பீகார், ஒடிசா, மேற்கு வங்கத் தொழிலாளர்களின் கணக்கு வேறு. பீகார்க்காரர்களுக்குத் தீபாவளியை அடுத்த ஆறாம் நாள் சட் பூஜை. ஊருக்குப் போகிறவர்கள் தீபாவளிக்கு முன்பே ரயில் ஏறிவிடுவார்கள். அவர்களுக்கென்று கோதுமை மாவும் கடுகு எண்ணெயும் அந்த வாரத்தில் நிறைய இறக்கினால் தேங்கும். வங்காளிகளுக்குத் துர்கா பூஜை அதற்கும் முன்பு. ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில் யுகாதிக்குப் புளியும் வெல்லமும் போகும். திருவள்ளூரில் அமாவாசைதோறும் வீரராகவப் பெருமாள் கோவிலுக்குக் கூட்டம். குளத்தில் வெல்லம் கரைப்பது வேண்டுதல். பெரியபாளையத்தில் ஆடி மாதம் முழுவதும் திருவிழாதான்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. கடை காலண்டரில் சம்பள நாள், போனஸ் வாரம், அமாவாசை, பள்ளித் தேர்வு, வடமாநிலத்தார் ஊருக்குப் போகும் நாள் ஆகியவற்றை முன்கூட்டியே குறித்து வையுங்கள்.

2. பண்டிகைச் சரக்கைப் பணம் கைக்கு வரும் நாளுக்குச் சற்று முன்னால் கடையில் சேருங்கள். பண்டிகைக்கு முதல் நாள் வரும் சரக்கு பாதிதான் விற்கும்.

3. ஒரே வாரத்தில் ஒரே வகையில் இரண்டு புதிய பொருள்களை இறக்காதீர்கள்.

4. விளம்பரத்தை மட்டும் நம்பி ஆர்டர் கொடுக்காமல், முதலில் ஒரு பெட்டி எடுத்து, வாங்கியவர் இரண்டாம் முறை கேட்கிறாரா என்று பாருங்கள்.

5. மாதக் கடைசியில் சரக்கைத் திணித்தால், விற்காததைத் திரும்ப எடுப்பீர்களா, தவணை எத்தனை நாள் என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். தயங்கினால், “சம்பளம் போட்ட பிறகு வாருங்கள்” என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

வட்டிக்கு வாங்கிய முதல் ஒரு மாதம் அலமாரியில் முடங்கினால், கம்பெனி தந்த தள்ளுபடி வட்டியிலேயே கரைந்துவிடும். ஆகவே வணிகப் பெருமக்கள் அடுத்த ஆர்டரில் கையெழுத்திடும் முன், ஒருமுறை காலண்டரைப் பார்க்க வேண்டுகிறேன்.