ஏழாம் தேதிச் சம்பளமும் ஐந்தாம் தேதி ட்யூவும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை, மோல்டிங் என்று சின்ன யூனிட்டுகளில் வேலை பார்ப்பவர்களுக்குச் சம்பளம் பெரும்பாலும் 7ஆம் தேதிதான். ஆயிரம் பேருக்குக் குறைவான இடங்களில் 7ஆம் தேதிக்குள் தர வேண்டும் என்றது 1936ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம். அந்தக் கடைசி நாளே சம்பள நாளாக நிலைத்துவிட்டது. பைக் லோன் ட்யூவோ 3, 5 என்று விழுகிறது. ஆவடி டேங்க் ஃபேக்டரியில் மாதக் கடைசியில் சம்பளம் வாங்குபவருக்கு அது சரி. எங்கள் ஆட்களுக்கு ஆகாது. சம்பளக் கணக்கு பார்க்கிற எனக்கு, மாதத்தின் முதல் வாரம் என்றாலே அட்வான்ஸ் கேட்டு வருகிறவர்களின் முகம்தான் நினைவுக்கு வரும்.

ட்யூவைப் பேங்க் கணக்கிலிருந்து தானாக எடுக்கும் ஏற்பாடுதான் நாச். கணக்கில் பணமில்லாமல் அது திரும்பினால் பேங்க் ஒரு தொகை பிடிக்கும். கடன் கொடுத்தவர் பவுன்ஸ் சார்ஜ் என்று இன்னொன்று பிடிப்பார். "5ஆம் தேதி ஞாயிறு சார், திங்கள்தான் எடுப்பான்" என்று இன்னும் சொல்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 1 முதல் நாச் ஞாயிற்றுக்கிழமையும் ஓடுகிறது. முந்தின நாள் இரவே பணம் இருந்தாக வேண்டும்.

அதனால் லோன் பேப்பரில் கையெழுத்துப் போடும் முன்பே 10ஆம் தேதி ட்யூ கேளுங்கள். நாச் பதிவான பிறகு மாற்றுவது பெரும்பாடு. கிரெடிட் கார்டில் வழி இருக்கிறது: பில் தேதியை ஒரு முறையாவது மாற்றிக்கொள்ள வாடிக்கையாளருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கட்டத் தவறினாலும் 3 நாளுக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம் போடலாம். ஆனால் வட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. மினிமம் மட்டும் கட்டுகிறவருக்கும் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

கடனை முன்கூட்டியே முடிப்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். எங்கள் ஷாப் ஃப்ளோர் தம்பி ஒருவர், ஊர்ச் சீட்டு எடுத்த பணத்தை ஆப் வழியாக மொத்தமாகக் கட்டினார். அடுத்த மாதமும் ட்யூ போனது. "முழுசாக் கட்டிட்டேன், அப்புறமும் எடுத்திருக்கான் சார்!" கட்டிய பணம் அட்வான்ஸாக வரவு வைக்கப்பட்டிருந்தது, கடன் மூடப்படவே இல்லை. முதலில் ஃபோர்குளோஷர் லெட்டரை எழுத்தில் வாங்க வேண்டும். எந்தத் தேதி வரை அந்தத் தொகை செல்லும், அதற்குப் பிறகு நாளுக்கு எவ்வளவு வட்டி என்று அதில் இருக்கும். அந்த மாத ட்யூ போன மறுநாள் கேட்பது நல்லது. லெட்டர் தேதிக்கும் அடுத்த ட்யூவுக்கும் நடுவில் அவகாசம் கிடைக்கும். கட்டியதும் என்.ஓ.சி., கணக்கு முடிந்ததைக் காட்டும் ஸ்டேட்மென்ட், நாச் ரத்து மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

கார்டை மூடக் கேட்டால், பாக்கி இல்லாத பட்சத்தில் 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். 2022 ஜூலை முதல் இது நடப்பில் உள்ளது. போனில் மட்டும் சொல்லாமல் மெயிலிலும் அனுப்புங்கள், தேதிக்கு அதுதான் சாட்சி.

பைக் என்றால் என்.ஓ.சி.யோடும் ஃபார்ம் 35ஓடும் அம்பத்தூரோ பூந்தமல்லியோ, உங்கள் ஆர்.டி.ஓ.வில் ஆர்.சி.யிலிருந்து ஃபைனான்ஸ் பெயரை நீக்க வேண்டும். வீட்டுக் கடனில், முழுத் தொகையும் கட்டிய 30 நாளுக்குள் ஒரிஜினல் பத்திரம் கைக்கு வர வேண்டும். அவர்கள் பக்கம் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் உள்ள விதி. பத்திரம் வந்ததும் பலர் நிம்மதியாகி விடுகிறார்கள். பட்டாபிராமில் வீட்டை விற்கப் போன என் நண்பருக்கு, வில்லங்கச் சான்றில் (இ.சி.) பழைய எம்.ஓ.டி., அதாவது பத்திரத்தைப் பேங்கில் ஒப்படைத்து அடமானம் வைத்த பதிவு, அப்படியே நின்றதால் வாங்குகிறவரின் லோன் நின்றுபோனது. கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தைப் பேங்க் எழுதித் தந்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால்தான் அது நீங்கும். பதிந்த பிறகு ஒரு இ.சி. போட்டுப் பாருங்கள்.