வன்தட்டில் எஞ்சிய இடம்

தில்லி இராமகிருஷ்ணபுரத்தில் ஒரு வீடு. கும்பகோணத்திலிருந்து வந்திருந்த பாட்டி மறுநாள் இரவு வண்டியில் ஊர் திரும்பவிருந்தார். அவர் பாடும் தாலாட்டைக் கணினியில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது எட்டாம் வகுப்பில் படிக்கும் பேத்தியின் விருப்பம். பாட்டி தொண்டையைச் செருமிக்கொண்டு பாடத் தொடங்கினார். இரண்டு அடிகள் முடிவதற்குள் திரையில் ஓர் அறிவிப்புத் தோன்றியது: ‘சாதனத்தில் இடமில்லை.’

“பழையவற்றை அழித்துவிடலாம், அக்கா. இதோ, ‘தாத்தா’ என்று ஒரு கோப்புறை இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக இதை யாரும் திறக்கவே இல்லை” என்றான் தம்பி.

அக்காள் அவன் கையைத் தடுத்தாள். “எது எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று முதலில் பார்ப்போம்” என்றாள்.

அவர்கள் கணினியில் இருப்பது லினக்சு வகை இயங்குதளம். சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளமும் இவ்வகையைச் சேர்ந்ததே. அக்காள் ‘முனையம்’ என்னும் சாளரத்தைத் திறந்தாள். அங்கே படங்கள் இல்லை. சுட்டிக்கும் வேலை இல்லை. கட்டளையைத் தட்டச்சு செய்து உள்ளீட்டு விசையை அழுத்தினால், கணினி எழுத்தாலேயே விடை கூறும்.

அவள் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் ‘டிஎஃப்’ என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோட்டையும் ‘எச்’ என்னும் எழுத்தையும் சேர்த்தாள். ‘டிஎஃப்’ வட்டில் எஞ்சியுள்ள இடத்தைக் காட்டும் கட்டளை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவான யூனிக்சின் முதற்பதிப்பிலேயே, 1971ஆம் ஆண்டில், இஃது இடம்பெற்றது. ‘எச்’ சேர்த்தால் நீண்ட எண்களுக்கு மாறாக, மனிதர் எளிதில் படிக்கத்தக்க அளவுகள் வரும்.

விடை வந்தது. மொத்தம் 458 கிகாபைட்டு, பயன்பட்டது 435, எஞ்சியது 0, பயன்பாடு நூறு விழுக்காடு.

“பெட்டியின்மேல் 500 என்று அச்சிட்டிருந்தார்களே!” என்றான் தம்பி.

இந்த ஐயம் பலருக்கும் எழுவதுண்டு. வன்தட்டைச் செய்பவர்கள் ஒரு கிகாபைட்டை 100 கோடி பைட்டாகக் கணக்கிடுகின்றனர். இக்கட்டளையோ 1024ஐ மும்முறை பெருக்கி, 107,37,41,824 பைட்டை ஒரு கிகாபைட்டாகக் கொள்கிறது. ஆகவே 500 என்பது ஏறத்தாழ 465 ஆகும். கோப்புகள் எங்கெங்கே உள்ளன என்னும் குறிப்பேட்டுக்கும் வட்டு சிறிது இடம் எடுத்துக்கொள்ளும். ஏமாற்று ஏதுமில்லை, அளக்கும் படிதான் வேறு.

“சரி, 458இல் 435 போனால் 23 மீதி. எஞ்சியது 0 என்கிறதே?”

நல்ல கேள்வி. இரயிலில் அவசர ஒதுக்கீட்டுக்கெனச் சில இருக்கைகளை வைத்திருப்பார்கள் அல்லவா? அதுபோல, லினக்சில் பெரிதும் வழங்கும் கோப்பு முறைமை, வழக்கமாக 5 விழுக்காட்டு இடத்தைக் கணினி நிருவாகிக்கென ஒதுக்கி வைக்கும். இடம் இருக்கும், நமக்குக் கிடைக்காது.

அடுத்து, ‘டியூ’ என்னும் கட்டளை. ‘டிஎஃப்’ வட்டு முழுவதற்கும் கணக்குச் சொல்லும். ‘டியூ’ ஒவ்வொரு கோப்புறைக்கும் தனித்தனியே சொல்லும். களஞ்சியத்தில் எவ்வளவு நெல் உண்டு என்பது ஒரு கேள்வி. எந்த மூட்டையில் எவ்வளவு என்பது வேறொரு கேள்வி. அக்காள் ‘டியூ’ என்பதையடுத்து, சிறு கோட்டுடன் ‘எஸ்எச்’, பின் ஓர் உடுக்குறி எனத் தட்டினாள். கண்ணுக்குத் தெரியும் கோப்புறைகள் வரிசையாக வந்தன. கூட்டிப் பார்த்தால் 290தான்! ‘தாத்தா’ கோப்புறையின் அளவு வெறும் 43 மெகாபைட்டு. அதில் இருந்தது, மறைந்த தாத்தா தம் இளமைக்காலத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசிய ஒலிப்பதிவு. வேறு படி எங்கும் இல்லை.

மீதி இடம் எங்கே போயிற்று? பெயரின் தொடக்கத்தில் புள்ளி உள்ள கோப்புறைகளை லினக்சு மறைத்து வைக்கும்; உடுக்குறி அவற்றைக் கணக்கில் கொள்ளாது. எனவே அக்காள் உடுக்குறியை நீக்கிவிட்டு, ‘டியூ’ என்பதன்பின் ‘-எச்’, ‘-டி’, 1 என எழுதினாள். இப்போது மறைந்திருந்தவையும் வெளிப்பட்டன. குப்பைத்தொட்டி மட்டும் 121 கிகாபைட்டு! தம்பி சேர்த்துச் சேர்த்து, பின் ‘அழித்துவிட்ட’ விளையாட்டுக் காணொளிகள் அவை. தொட்டிக்கு அனுப்பிய கோப்பு வட்டை விட்டுப் போவதில்லை.

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். தொட்டிக்குள் வேண்டியது ஏதேனும் கிடக்கிறதா என ஒருமுறை பார்த்துவிட்டு, இருவரும் அதைக் காலி செய்தனர். மீண்டும் ‘டிஎஃப்’: எஞ்சியது 121.

“ஆயிற்றா? இனிப் பாடலாமா?” என்றார் பாட்டி. பிறகு, “அதற்கு முன்னால் உங்கள் தாத்தா பேசியதைப் போடுங்கள், கேட்போம்” என்றார்.

பயிற்சி

1. ‘டிஎஃப்’, ‘டியூ’ ஆகியவற்றின் வேறுபாட்டை உம் சொந்த எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. 1000 கிகாபைட்டு என விற்கப்படும் வன்தட்டைக் கணினி ஏறத்தாழ 931 எனக் காட்டுகிறது. கணக்கிட்டுக் காரணம் கூறுக.
3. தம்பி ‘தாத்தா’ கோப்புறையை அழித்திருந்தால் எவ்வளவு இடம் கிடைத்திருக்கும்? பாட்டியின் பாடலைப் பதிவு செய்ய அது போதுமா? உம் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.
4. உம் வீட்டுக் கணினியில் விண்டோசு இருப்பின், கட்டளைச் சாளரத்தில் ‘டிர்’ என்று தட்டுக. கடைசி வரியில் எஞ்சிய இடம் பைட்டுகளில் வரும். அதை கிகாபைட்டாக மாற்றி எழுதுக.